முகிலகத்தின் பெயரும் கரிசலின் கணக்கும்

காரோ, காசி, ஜெயந்தியா மலைகளுக்கு ‘மேகாலயம்’ என்று பெயரிட்டவர் ஷிபா பிரசாத் சாட்டர்ஜி என்ற புவியியலாளர். 1930களில் பாரிஸில் அளித்த ஆய்வேட்டில் அம்மலைநிலத்தைக் குறிக்க அவர் ஆக்கிய சொல் அது. முகில் உறையும் இடம் என்பது பொருள். 1972இல் அதுவே ஒரு மாநிலத்தின் பெயராயிற்று. புவியியலாளர் ஒருவர் ஆய்வேட்டுக்காக உண்டாக்கிய சொல் அரசிதழுக்கும் அஞ்சல் முத்திரைக்கும் போய்ச் சேர்வது அரிதாக நிகழ்வது. அதே சாட்டர்ஜிதான் 1964 முதல் 1968 வரை பன்னாட்டுப் புவியியல் ஒன்றியத்தின் தலைவராக இருந்தார். அப்பொறுப்பை வகித்த முதல் ஆசியர் அவர். 1968 டிசம்பரில் புது தில்லியில் கூடிய 21ஆம் பன்னாட்டுப் புவியியல் மாநாடும் ஆசிய மண்ணில் நிகழ்ந்த முதல் மாநாடே. முதல் மாநாடு 1871இல் ஆண்ட்வெர்ப் நகரில் கூடியது. ஆண்ட்வெர்ப்பிலிருந்து தில்லிக்கு வந்து சேர 97 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

முகில் உறையும் நிலத்துக்குப் பெயர் வைத்தவரைப் பற்றி, முகில் வந்து பார்த்துவிட்டுப் போகும் நிலம் ஒன்றிலிருந்து யோசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சேர்ந்த வறள்நிலத்தைத்தான் சொல்கிறோம். கல்விப்புலப் புவியியலாளர்கள் கூடி உலகளாவிய அமைப்பு ஒன்றை நூறாண்டுகளாக நடத்தி வருகிறார்கள். அவர்கள் வகுத்த பகுப்புகளும் சூத்திரங்களும் குறியீடுகளும் வெறும் பாடப்புத்தகச் செய்திகளாக நின்றுவிடவில்லை. ஒரு நிலம் வறண்டதா இல்லையா என்பதை யார், எந்த அளவுகோலால் முடிவு செய்கிறார் என்ற கேள்வி, அந்த நிலத்துக்கு வரும் பணத்தையும் நீரையும் தொட்டு நிற்பது. ஆகவே அந்த அமைப்பு எவ்வாறு நடந்தது என்பதைக் கரிசலின் பக்கத்திலிருந்து பார்ப்பதில் பொருள் இருக்கிறது.

முதலில் நிலம். இன்று விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியாக உள்ள இவ்வட்டாரம், 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து அமைத்த இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1985இல் அம்மாவட்டம் பிரிந்தபோது இது விருதுநகர்ப் பக்கம் வந்தது. மேற்கு மலைத்தொடர் தென்மேற்குப் பருவக்காற்றின் நீரைத் தன் மறுபக்கத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வதால், இங்கே ஆனியும் ஆடியும் காற்றடிக்கும் மாதங்கள் மட்டுமே. ஆண்டு மழை சராசரியாக ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பாதியளவு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இறங்கிவிடும். மிச்சம் கோடை இடிமழையாகவும் அங்கொன்றும் இங்கொன்றுமாகவும் விழும். கரிசல் மண் அந்த ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் குணம் உடையது. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும்; நனைந்தால் கால் எடுக்க முடியாமல் ஒட்டும். பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் மல்லியும் இந்த மண் பிடித்துவைத்த ஈரத்தை நம்பியே விதைக்கப்பட்டன. இப்போது பல புஞ்சைகளில் மக்காச்சோளம் நிற்கிறது.

நீர் என்றால் இங்கே கண்மாய். ஆறு உண்டு; குண்டாறு திருச்சுழியைத் தொட்டுக் கமுதி வழியாகக் கடலுக்குப் போகிறது. ஆனால் அதில் நீரைப் பார்ப்பதைவிட மணலைப் பார்ப்பதே வழக்கம். அந்த ஆற்றங்கரை ஊரின் பெயரைக் கவனியுங்கள். சுந்தரர் பாடிய தலமான ‘திருச்சுழியல்’, பெருவெள்ளத்தைச் சிவன் தன் சூலத்தால் நிலத்துக்குள் சுழித்து இறங்கச் செய்த இடம் என்கிறது தலபுராணம். வறள்நாட்டின் ஓர் ஊர் தன் பெயரில் ஒரு பிரளயத்தை வைத்திருக்கிறது. இதைப் புராணம் என்று ஒதுக்கிவிடலாம். இருந்தாலும், ஆண்டின் பெரும்பகுதி காய்ந்துகிடந்து, பெய்யும்போது சில நாட்களில் எல்லாம் கொட்டிவிடும் நாட்டில் இப்படி ஒரு கதை பிறந்திருப்பது இயல்பாகவே படுகிறது.

இனி அமைப்பு. பன்னாட்டுப் புவியியல் ஒன்றியம் 1922இல் பிரஸ்ஸல்ஸில் நிறுவப்பட்டது. பெல்ஜியம், பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், பிரிட்டன், ஜப்பான் ஆகிய ஏழு நாடுகள் தொடக்க உறுப்பினர். பட்டியலில் ஜெர்மனி இல்லை. ஹம்போல்ட்டும் ரிட்டரும் பிறந்து, நவீனப் புவியியலுக்கே அடித்தளம் இட்ட நாடு வெளியே நின்றது. முதல் உலகப்போரில் தோற்ற நாடுகளைச் சேர்ப்பதில்லை என்று, ஒன்றியத்துக்குத் தாயமைப்பாக இருந்த பன்னாட்டு ஆய்வு மன்றம் வைத்திருந்த விதி அதற்குக் காரணம். 1925இல் கெய்ரோவில் மாநாடு கூடியபோதும் ஜெர்மானியருக்கு இடமில்லை. 1926இல்தான் மன்றம் அவ்விதியை நீக்கியது. உலகம் முழுவதையும் படிக்க வந்த சங்கம், உலகின் ஒரு பகுதியைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டே தன் பதிவேட்டைத் திறந்திருக்கிறது.

தொடக்கத் தலைவர்களின் வரிசையும் சுவையானது. முதல்வர் இளவரசர் ரோலான் போனபார்ட். அடுத்தவர் இத்தாலிய இராணுவ நிலப்பட நிறுவனத்தின் தளபதி வாக்கெல்லி. பின்னர் பிரெஞ்சு இராணுவத்தின் நிலப்படப் பிரிவை நடத்திய தளபதி பூர்ழுவா. நான்காமவர் அமெரிக்கர் ஐசையா போமன். 1919இன் பாரிஸ் அமைதி மாநாட்டில் வில்சனுக்கு எல்லைக்கோடுகள் பற்றி ஆலோசனை சொன்னவர். ஐந்தாமவர் சார்லஸ் குளோஸ், பிரிட்டனின் நில அளவைத் துறைத் தலைவராக இருந்தவர். இளமையில் இந்திய நில அளவைத் துறையிலும் பணி செய்தவர். ஆறாமவர் எம்மானுவேல் தெ மார்த்தோன். அவரும் 1919இல் ருமேனியாவின் எல்லை வரைவில் பெரும்பங்கு கொண்டவர். இளவரசர், தளபதிகள், எல்லை வரைந்தவர்கள். சங்கத்தை நடத்தியோருக்கு நாடு என்பதே அளவலகாக இருந்ததில் வியப்பு என்ன?

அந்த அளவலகு சட்டதிட்டத்திலும் உறைந்தது. ஒன்றியத்தில் உறுப்பினர் ஆவது நாடு. தனி ஆள் ஆக முடியாது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தேசியக் குழு. சந்தாவும் நாட்டின் பெயரில்தான். நான்காண்டுக்கு ஒரு மாநாடு, அதனோடு பொதுப்பேரவை; இடைக்காலத்தில் ஒரு செயற்குழு; ஆய்வுப் பணிக்கு ஆணையங்கள். அலுவல் மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும். நெடுங்காலம் சொந்தமாகக் கட்டடம் கிடையாது. பொதுச்செயலாளர் எந்தப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறாரோ அங்கே அவருடைய மேசையோடு அலுவலகமும் இருக்கும். 1968 முதல் 1976 வரை சான்சி ஹாரிஸ் செயலாளராக இருந்தபோது அது சிகாகோவில் இருந்தது. கோயில் இல்லாத ஊர்வலத் தெய்வம் போல ஒரு நிறுவனம் என்று சொல்லலாம். இந்த எளிமை நமக்குப் பிடித்தே இருக்கிறது. ஆனால் எளிமையின் விலையாக, செயலாளருக்குக் கடிதம் எழுத அஞ்சல்தலையும் உதவியாளரும் தரக்கூடிய பணக்காரப் பல்கலைக்கழகங்களே அதைத் தாங்க முடிந்தது. இந்தியாவின் சார்பில் ஒன்றியத்தில் சேர்ந்திருப்பது தில்லியிலுள்ள இந்தியத் தேசிய அறிவியல் கழகம். ஆக, திருச்சுழியிலிருந்து ஒரு செய்தி அந்தப் பேரவைக்குப் போக வேண்டுமானால், அது தில்லி வழியாக, ஆங்கிலத்தில், ‘இந்தியா’ என்ற பெயரில் போக வேண்டும்.

இங்கே தெ மார்த்தோனிடம் சற்று நிற்போம். 1931இலிருந்து ஒன்றியத்தின் பொதுச்செயலாளராகவும், 1938இலிருந்து போர்க்காலம் முழுதும் தலைவராகவும் அதைச் சுமந்தவர் அவர். 1938இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய மாநாட்டுக்கு அடுத்தது 1949இல்தான் லிஸ்பனில் நடந்தது. பதினோராண்டு இடைவெளியில் சங்கம் கலைந்துபோகாமல் இருந்ததே பெரிது. சாட்டர்ஜி பாரிஸில் ஆய்வேடு அளித்த காலத்தில் சார்போனின் புவியியல் அவர் கையில்தான் இருந்தது. ஆனால் கரிசலோடு அவரைச் சேர்ப்பது 1926இல் அவர் முன்வைத்த சிறிய சூத்திரம் ஒன்று. ஆண்டு மழையை மில்லிமீட்டரில் எடுத்துக்கொள். சராசரி வெப்பநிலையைச் செல்சியஸில் எடுத்து அதனோடு 10 கூட்டு. முன்னதைப் பின்னதால் வகு. கிடைப்பது வறட்சிக் குறியெண். 10க்குக் கீழே வறள்நிலம். 10 முதல் 20 வரை அரைவறள்நிலம். 20ஐத் தாண்டினால் அடுத்த, ஈரம் கூடிய வகுப்பு. பள்ளிச் சிறுவனும் போடக்கூடிய கணக்கு. இவ்வளவு எளிய கருவி என்பதாலேயே அது உலகெங்கும் போயிற்று.

போட்டுப் பார்ப்போமே. அருப்புக்கோட்டைப் பக்கம் மழை 800, சராசரி வெப்பம் 29 பாகை என்று கொண்டால், 800ஐ 39ஆல் வகுக்க 20.5 வருகிறது. கோட்டுக்கு அரை எண் மேலே! அதாவது தெ மார்த்தோனின் கணக்கில் இது அரைவறள்நிலம்கூட இல்லை. இத்தாலியின் திராட்சைத் தோட்டங்களோடு உட்கார வேண்டிய நிலம். வட்டாரத்தில் யாரிடமாவது இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இன்னொரு கணக்கும் போடலாம். மழை பாதியாகி 400 மில்லிமீட்டர் மட்டும் பெய்யும் ஆண்டில் குறியெண் 10ஐ ஒட்டி நிற்கும், வறள்நிலத்தின் வாசற்படி. பாதியாகுமா என்று கேட்பவர்கள் 2016ஐ நினைத்துக்கொள்ளலாம். அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. ஒரே நிலம் ஓராண்டில் மத்தியதரைக் கடற்கரை, மற்றோராண்டில் பாலையின் விளிம்பு. சராசரி என்பது இவ்விரண்டுக்கும் நடுவே, ஒருபோதும் நிகழாத ஓர் ஆண்டைச் சொல்கிறது.

தெ மார்த்தோனைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. ஐரோப்பாவின் நிலத்தில், ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறாத மழையில், அவருடைய சூத்திரம் நன்றாகவே பேசுகிறது. நம் பக்கத்து மரபு இதைவிட வேறு விதமாக வறட்சியை எண்ணியது என்பதுதான் கவனிக்க வேண்டியது. தொல்காப்பியம் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்று நான்கு நிலங்களுக்குத் தெய்வம் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. பாலைக்குத் தனி நிலம் தரவில்லை. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து, வெம்மையேறிப் பாலை வடிவம் கொள்வதாகச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை சொல்கிறது. வறட்சி நிலப்படத்தில் வண்ணம் தீட்டும் இடமாக இல்லாமல், எந்த நிலத்துக்கும் காலத்தால் வந்துபோகும் நிலைமையாக இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு ‘அன்றே சொன்னான் தமிழன்’ என்று கொடி பிடிக்கும் ஆசை நமக்கு இல்லை. கவிதை இலக்கணத்தைக் காலநிலை அறிவியல் ஆக்குவது இரண்டுக்குமே அநீதி. ஆனால், ஒரு ஆணையத்தின் மேசையைச் சுற்றி இந்த எண்ணத்தோடு வளர்ந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் கேள்வி வேறாக எழுந்திருக்கும் என்று நினைக்கலாம் அல்லவா?

ஆணையங்கள் போருக்குப் பிந்திய பத்தாண்டுகளில்தான் சுறுசுறுப்பாயின. 1951இல் யுனெஸ்கோ வறள்நில ஆய்வுக்கு ஒரு திட்டம் தொடங்கியது. ஒன்றியமும் வறள்நிலத்துக்கென ஓர் ஆணையம் வைத்தது. அதை நடத்தியவர் பெவெரில் மெய்க்ஸ் என்ற அமெரிக்கர். யுனெஸ்கோவுக்காக அவர் வரைந்து 1953இல் வெளியான உலக வறள்நிலப் படம் பல்லாண்டுகள் அத்துறையின் அடிப்படைப் படமாக இருந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு குறியீடு. மிகு வறட்சியா, வறட்சியா, அரைவறட்சியா என்பதற்கு ஓர் எழுத்து. மழை எந்தப் பருவத்தில் என்பதற்கு ஓர் எழுத்து: குறிப்பிட்ட பருவம் இல்லை, கோடை, குளிர்காலம் என மூன்றே வாய்ப்புகள். பின்னர் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் மிக வெப்பமான மாதத்துக்கும் ஒவ்வோர் இலக்கம். சிக்கனமான, அழகான குறியீடு. சகாராவையும் சோனோராவையும் தாரையும் ஒரே வரியில் ஒப்பிட முடிந்தது.

ஐப்பசி மழையை அந்த மூன்று எழுத்துகளில் எதில் வைப்பது? கோடை மழை என்றால் ஆனி ஆடியில் ஆகாயம் வெறுமையாக இருக்கிறது. குளிர்கால மழை என்றால் அது மத்தியதரைக் கடல் நாடுகளின் மழை. தையில் நம் கரிசல் காய ஆரம்பித்துவிடும். பருவமே இல்லை என்றால் அது அப்பட்டமான பொய். பின்பனிக்கு முன்னே, கோடைக்குப் பின்னே, இரு பருவக்காற்றுகளின் இடுக்கில் பெய்யும் ஒரு மழைக்கு உலகக் குறியீட்டில் வசதியான எழுத்து அமையவில்லை. கோப்பெனின் பழைய பகுப்பிலும் இதே இடர்ப்பாடுதான். தமிழகக் கடற்கரைக்கென்றே அவர் கோடை வறண்ட வெப்பமண்டலம் என்ற அரிய வகை ஒன்றை ஒதுக்க வேண்டியிருந்தது. இந்தியப் புவியியல் பாடநூல்களில் ‘சோழமண்டலக் கரை மட்டும் விதிவிலக்கு’ என்று ஒரு வரி இன்றும் வருகிறது. அந்த விதிவிலக்குக்குள்தான் சில கோடிப் பேர் வாழ்கிறார்கள்.

1949இன் லிஸ்பன் மாநாடு இன்னோர் ஆணையத்தையும் அமைத்தது: உலக நிலப்பயன்பாட்டு அளவை. அதன் உயிர்நாடி பிரிட்டனின் நிலப்பயன்பாட்டை 1930களில் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே அளந்து முடித்த டட்லி ஸ்டாம்ப். 1920களில் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவருக்கு நம் பக்கத்து வெயில் தெரியும். 1952 முதல் 1956 வரை ஒன்றியத்தின் தலைவரும் அவரே. உலகத்து நிலம் அனைத்தையும் ஒன்பது பகுப்புகளில் அடக்க ஆணையம் முனைந்தது. குடியிருப்பு, தோட்டப்பயிர், மரப்பயிர், உழுநிலம், திருந்திய மேய்ச்சல், திருந்தாத மேய்ச்சல், காடு, சதுப்பு, பயன்படா நிலம். ஒன்பதும் ஒன்பது நிறம்.

இப்போது ஒரு கண்மாயை எடுத்துக்கொள்வோம். ஆவணியில் அதன் உள்வாயில் ஆடு மேய்கிறது. ஆக ஆறாவது பகுப்பு. கார்த்திகையில் கலுங்கு வழிந்து மறுகால் பாய்கிறது, அப்போது ஏரி. தையில் பாதி நீர், பாதிச் சேறு. சதுப்பு என்று வையுங்கள். மாசியில் நீர் வற்றியதும் ஊர் கூடி மீன் பிடிக்கிறது; அதற்குப் பகுப்பே கிடையாது. பங்குனியில் காய்ந்த உள்வாயில் கரம்பை வெட்டி வண்டியில் ஏற்றிப் புஞ்சைக்கு அடிக்கிறார்கள், கண்மாய் உரக்கிடங்காகிவிட்டது. கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளாகச் சீமைக் கருவேலம் மூடிக்கிடக்கும் கண்மாய்களைக் காடு என்று எண்ணி ஏழாவது நிறம் தீட்டினாலும் யாரும் மறுக்க முடியாது. மீன்பாசியும் கருவேல மரமும் ஒரே கண்மாயில் ஏலம் போகின்றன. அளவையர் எந்த மாதத்தில் வருகிறாரோ அதைப் பொறுத்து நிறம் மாறும். நிலத்தின் பயனைக் கேட்டு வந்தவருக்கு நாட்காட்டியைத்தான் காட்ட வேண்டும். ஒன்பது நிறங்களும் அடுத்தடுத்து ஏறி இறங்கும் நிலத்தை ஒற்றைத் தாளில் எப்படி அச்சிடுவது?

உலகத்துக்கு ஒரே அளவில் படம் என்ற ஆசை ஒன்றியத்தைவிடவும் பழையது. 1891இல் பெர்ன் மாநாட்டில் ஆல்பிரெக்ட் பெங்க், எல்லா நாடுகளும் பத்து இலட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் ஒரே முறையில் படம் வரைய வேண்டும் என்று முன்மொழிந்தார். அந்த அளவில் பத்துக் கிலோமீட்டர் ஒரு சென்டிமீட்டர். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கலாம். அதற்குள் எத்தனை கண்மாய், எத்தனை ஊருணி!

இதே ஆண்டுகளில் நம் பக்கம் வேறொரு வகைச் சங்கம் நடந்துகொண்டிருந்தது. தமிழில் புவியியல் எழுத்து மிகப் புதிது என்று சொல்ல முடியாது. பாளையங்கோட்டையில் பணிசெய்த இரேனியஸ் 1832இலேயே ‘பூமிசாஸ்திரம்’ வெளியிட்டார். சங்கம் என்று ஒன்று பிறந்தது 1926இல். சென்னைப் புவியியல் கழகம். தெ மார்த்தோன் தம் குறியெண்ணை முன்வைத்த அதே ஆண்டு என்பது தற்செயல்தான், இருந்தாலும் சொல்லி வைக்கலாம். என். சுப்பிரமணியம் முன்னின்று நடத்திய அக்கழகத்தில் இளவரசர் இல்லை, தளபதி இல்லை. பள்ளி, கல்லூரி ஆசிரியர்களே அதன் முதுகெலும்பு. அதே ஆண்டில் தொடங்கிய அதன் ஏடு இன்று ‘இந்தியப் புவியியல் ஏடு’ என்ற பொருள்படும் பெயரில் தொடர்கிறது. கழகமும் பின்னர் இந்தியப் புவியியல் சங்கம் ஆயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் குரியன் புவியியல் துறையை நடத்தினார். பி. எம். திருநாரணன் தமிழ்நிலத்தின் மரபான எல்லைகளையும் உட்பிரிவுகளையும் பற்றி ஆராய்ந்து எழுதினார். தேசம் என்னும் அலகுக்குள் மடங்காமல், பாண்டிநாடு, கொங்குநாடு, மறவர் சீமை என்று மக்கள் தாமே வகுத்துக்கொண்ட நாடுகளைப் புவியியல் பொருளாக எடுத்துக்கொண்ட முயற்சி அது. ஒரு குறை மட்டும் உண்டு. ஏடு ஆங்கிலத்தில் வந்தது. கரிசல்காட்டு ஆரம்பப் பள்ளி ஆசிரியரிடம் அது எட்டியிருக்க வாய்ப்புக் குறைவு. கரிசலின் மண்ணையும் மழையையும் பேச்சோடு சேர்த்துப் பதிந்துவைத்த வட்டார வழக்குச் சொல்லகராதி, கடைசியில் கி. ராஜநாராயணன் என்ற விவசாயி எழுத்தாளரிடமிருந்துதான் வந்தது.

வேறொரு துறையினர் இதைவிடக் கூர்மையான காரியம் ஒன்றைச் செய்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். அங்கே வயல், கிணறு, மாடு, கடன், கூலி எல்லாவற்றையும் கேட்டு எழுதி வரச் சொன்னார். 1918இல் நூலாக வந்த அந்த அளவையில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தின் வடமலாபுரமும் இருந்தது. சிவகாசிப் பக்கத்து ஊர். அருப்புக்கோட்டைக்கு மேற்கே, இதே வறண்ட நாட்டைச் சேர்ந்தது. 1930களில் பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போகச் செய்து 1940இல் மறு அளவையை வெளியிட்டார்கள். 1980களில் மீண்டும் அங்கே ஆய்வாளர் போனார்கள். ஒரே ஊர், ஒரே கேள்விகள், இடையில் இருபது முப்பது ஆண்டுகள். சராசரி மழை சொல்லாததை இந்த முறை சொல்லிவிடும்: எந்தக் கிணறு ஆழமாயிற்று, யாருடையது, எந்தப் பயிர் போய் எது வந்தது. உலகப் படத்தைவிட இது கரிசலுக்கு நெருக்கமான கருவி என்பது நம் எண்ணம். கோவில்பட்டியில் 1901இலிருந்து நடக்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். ஒரே கருமண்ணில் நூறாண்டுக்கு மேலாக மானாவாரிப் பயிரைக் கவனித்துவரும் இடம்.

1968க்கு வருவோம். தில்லி மாநாட்டின் தலைமை மேடையில் இருந்த சாட்டர்ஜி, சங்கம் நடத்தும் வேலைக்குப் புதியவரல்லர். கல்கத்தாப் புவியியல் துறையைக் கட்டியவர். 1956இல் அமைந்த தேசிய நிலப்பட நிறுவனத்தின் முதல் இயக்குநர். அந்நிறுவனத்தின் முதல் வெளியீடாக 1957இல் வந்த இந்தியத் தேசிய நிலப்படத் தொகுதி இந்தியில் வந்தது என்பது குறிப்பிடத்தக்கது; உலக ஒன்றியத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும் பேசியவர்களில் தாய்நாட்டில் இப்படித் தொடங்கத் துணிந்தவர்கள் அதிகமில்லை. அவருக்குப் பின் தலைமை போலந்துக்கும் பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் போய், 1980இல் நைஜீரியாவின் அக்கின் மபோகுஞ்சேயிடம் வந்தது. 2000இல் அயர்லாந்தின் ஆன் பட்டிமர் முதல் பெண் தலைவரானார். 2022இல் பாரிஸில் நூற்றாண்டு கொண்டாடினார்கள். 2024இன் மாநாடு டப்ளினில் நடந்தது. தில்லிக்குப் பிறகு இந்தியாவுக்கு நான்காண்டு மாநாடு திரும்பி வரவில்லை.

அந்த மாநாடுகளின் கட்டுரைத் தொகுதிகளைவிட, அவற்றைச் சுற்றிப் பழகிய அளவுகோல்கள்தான் கரிசலுக்கு வந்து சேர்ந்தன. அதுவும் அரசாணை வடிவில். 1970களில் நடுவணரசு வறட்சிக்கு உள்ளாகும் பகுதிகளுக்கென ஒரு திட்டம் தொடங்கியபோது, பழைய இராமநாதபுரம் மாவட்டம் அதில் இடம்பெற்றது. முதலில் எந்த வட்டாரம் உள்ளே, எது வெளியே என்பதில் அனுபவமும் அரசியல் செல்வாக்கும் கலந்தே இருந்தன. 1990களில் சி. எச். அனுமந்தராவ் தலைமையிலான தொழில்நுட்பக் குழு இதை ஒழுங்குபடுத்த முற்பட்டது. தோர்ன்த்வெயிட் என்ற அமெரிக்கக் காலநிலையியலாளர் 1948இல் வகுத்த ஈரப்பதக் குறியெண்ணை அது அடிப்படையாகக் கொண்டது. மெய்க்ஸின் உலகப் படத்துக்கும் அடித்தளம் அதுவே. அதனோடு, ஒவ்வொரு வட்டாரத்திலும் பாசனம் பெறும் நிலத்தின் விழுக்காட்டையும் பார்த்து, அதற்கு மேற்பட்டால் திட்டத்துக்கு வெளியே என்று வரம்பு வைத்தது.

நேர்மையான முயற்சிதான். செல்வாக்குக்குப் பதில் எண் வந்தது. ஆனால் கரிசலில் பாசன நிலம் என்பது எது? கண்மாயின் கீழ் ஆயக்கட்டு பதிவேட்டில் நஞ்சை. கண்மாய் நிரம்பிய ஆண்டில் அது நெல் விளையும் நஞ்சையே. நிரம்பாத ஆண்டில் அது புஞ்சையைவிடவும் மோசம், ஏனென்றால் புஞ்சைக்காரர் கம்பாவது விதைத்திருப்பார். நஞ்சைக்காரர் நீருக்குக் காத்திருந்து பருவத்தைத் தவறவிட்டிருப்பார். இந்த இரண்டு ஆண்டுகளில் எதைக் கணக்கெடுப்பாளர் எடுத்தாரோ, அந்த எண் கோட்டுக்கு மேலோ கீழோ வட்டாரத்தை நிறுத்தும். பாரிஸில் 20.5 என்று வந்த அரை எண்ணின் சிக்கல் இங்கே வேறு உருவில் வருகிறது. இம்முறை அதன் பின்னால் தடுப்பணைக்கும் கண்மாய் மராமத்துக்குமான பணம் நிற்கிறது. 2009இல் அத்திட்டமும் பாலைநில மேம்பாட்டுத் திட்டமும் ஒருங்கிணைந்த நீர்ப்பிடிப்புத் திட்டத்தில் கரைந்தன. அதன் பிறகு அலகு வட்டாரமாக இல்லாமல் நீர் ஓடி வடியும் பரப்பாக மாறியது. கண்மாய்ச் சங்கிலியை அறிந்தவர்களுக்கு அது புதிய எண்ணமில்லை. மேலக் கண்மாயின் மறுகால்தான் கீழக் கண்மாயின் வரத்து என்பதும், மேலூர்க்காரன் கலுங்கை ஒரு சாண் உயர்த்திக் கட்டினால் கீழூரில் சண்டை வரும் என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும்.